ஒற்றைக் கதவுப் படகு

இரண்டு படகும் ஒரே சாடையில் இருந்தன. ஒரே கம்பெனி, ஒரே வெள்ளை, இடுப்பில் ஒரே நீலக் கோடு. பக்கத்தில் பக்கத்தில் கட்டிப் போட்டிருந்ததைப் பார்த்தால், அக்காளும் தங்கச்சியும் ஒரே துணியில் பாவாடை தைத்துப் போட்டுக்கொண்டு கோயில் வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. தங்கச்சி திறந்த படகு. மேலே வெயிலுக்கு ஒரு துணிக்கூரை, அதற்குக் கீழே ஆறு பேர் உட்காரலாம். அக்காள் பத்துப் பேரைச் சுமப்பாள். அவளுக்கு நடுவில் கண்ணாடி போட்டு அடைத்த ஓர் அறை உண்டு. உள்ளே மெத்தை இருக்கை, ஏசி எல்லாம் இருந்தன.

இந்த இரண்டில் எதை வாங்குவது என்பதில்தான் எங்கள் வீட்டில் கொஞ்ச நாள் யாரும் நிம்மதியாகச் சோறு தின்னவில்லை.

உங்களுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஊரில் எல்லோரும் கேட்டார்கள். நாங்கள் சிவகாசிப் பக்கம் பயராபீஸ் வைத்திருக்கிறோம். வெளியூர்க்காரர்கள் பட்டாசுத் தொழிற்சாலை என்பார்கள், எங்களுக்கு அது பயராபீஸ்தான். குடிக்கிற தண்ணீர் லாரியில் வருகிறது. கண்மாய் நிறைந்தது எந்த வருஷம் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் கேரளத்துக்குச் சரக்கு அனுப்பி அனுப்பி என் மகனுக்குக் கொல்லம் பழகிவிட்டது. அங்கே காயல் என்கிற உப்பங்கழி ஓரமாக ஒரு சின்ன வீடு வாங்கிப் போட்டான். தீபாவளி முடிந்து ஆபீஸ் மூடிக் கிடக்கிற மாதத்தில் எல்லோரும் அங்கே போய் இருந்து வரலாம் என்பது அவன் ஆசை. வீட்டுப் படியிலேயே தண்ணீர் இருக்கிறது, ஒரு போட்டு வாங்கினால் என்ன என்று மருமகள் எடுத்துக் கொடுத்தாள். அவன் பிடித்துக்கொண்டான்.

"தண்ணியில்லாக் காட்டுல இருந்துக்கிட்டு போட்டு வாங்குறீகளாமே?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள்.

"தண்ணிய லாரியில கொண்டு வந்துக்கிடுதோம். நீ ஏறுறதுக்கு மட்டும் வா" என்றேன். அவளிடம் நான் எந்தப் பேச்சையும் பாக்கி வைத்ததில்லை.

படகு பார்க்கப் போன அன்று காரில் ஆறு பேர் போனோம். மகன், மருமகள், பேரன், பேத்தி, என் வீட்டுக்காரர், நான். எங்களோடு இருக்கிற மகளும் அவள் பிள்ளையும் வரவில்லை. மகள் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் டிசைன் வேலை பார்க்கிறாள். தீபாவளி முடிந்தால் எங்களுக்கு ஓய்வு, அவளுக்குக் காலண்டர் சீசன். கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல், பெண் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வீடு வந்து சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஏன் வந்தாய் என்று நான் கேட்டதில்லை. மாடியைக் கழுவி விட்டு, இங்கன இருந்துக்கோ என்று சொன்னேன். அவளும் அதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை. அவள் என் மகள். வாயைத் திறந்து ஒன்றைக் கேட்பது எங்கள் இரண்டு பேருக்கும் கஷ்டம்.

படகு விற்கிறவர் மலையாளி. தமிழ் நன்றாகவே பேசினார். "அம்மா வயசானவங்க, வெயில் வேண்டா, உள்ளே வந்து இரிக்கட்டும்" என்று என்னைப் பெரிய படகின் அறைக்குள் கூட்டிப்போய், மரியாதையாக முன் இருக்கையில் உட்கார வைத்தார். உட்கார்ந்ததும் என் கழுத்து தானாகத் திரும்பியது. எங்கே போனாலும் எனக்கு அப்படித்தான். முதலில் கழுத்து திரும்பும், வாசலைத் தேடும். பின்பக்கம் ஒரு கதவு இருந்தது. அதில்தான் உள்ளே வந்தோம். வேறு கதவு? இந்தப் பக்கம் கண்ணாடி. அந்தப் பக்கம் கண்ணாடி. முன்னால் ஸ்டியரிங், அதற்கு முன்னாலும் கண்ணாடி. எனக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் மருமகளும் பிள்ளைகளும் உட்கார்ந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளங்கால் குறுகுறுத்தது.

"புழுக்கமா இருக்கு" என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

"ஏசி ஓடுதும்மா" என்றான் மகன்.

"ஏசிதான் புழுக்கமா இருக்கு."

மருமகள் சிரிப்பை அடக்கக் குனிந்தாள். பார்க்காததுபோல இருந்துகொண்டேன்.

பயராபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வெடிமருந்து புழங்குகிற அறை சின்னதாக இருக்கும். நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. கதவுகள் எதிரும் புதிருமாக இருக்கும், வெளிப்பக்கமாகத் திறக்கும், வேலை நேரத்தில் சாத்தவே கூடாது. வாசலுக்கு நேராகத் தட்டோ பெட்டியோ வைக்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன்னால் நான் நாரணாபுரத்தில் திரி சொருகப் போனவள். பிறகு என் வீட்டுக்காரர் போர்மேனாக இருந்து, சொந்தமாக நாலு அறை கட்டி, அது வளர்ந்து, இன்றைக்கு மகன் முதலாளி. பெண்கள் பக்கத்து வேலையை நான்தான் பார்த்தேன். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும், இதையும் கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் அறை வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தால், எழுந்து ஓட இடமில்லாமல் எவள் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொல்லிவிடுவேன். சாமி புண்ணியத்தில் எங்கள் அறைகளில் விபத்து ஒன்றும் நடந்ததில்லை. மற்ற இடங்களில் நடந்தபோது போய் நின்றிருக்கிறேன். அதை எழுத மாட்டேன்.

வீடு கட்டும்போதும் எல்லா அறைக்கும் இரண்டு கதவு வைக்கச் சொன்னேன். "வீடு கட்டுறீகளா, சத்திரம் கட்டுறீகளா?" என்று கொத்தனார் கேட்டார். சாமி அறைக்கும் இரண்டு கதவுதான். பீரோ வைக்கச் சுவர் இல்லையென்று மருமகள் வந்த நாளிலிருந்து புலம்புகிறாள். கல்யாண மண்டபங்களில் நான் வாசல் ஓரம்தான் உட்காருவேன். பெரிய மனுஷி முன்வரிசைக்கு வராமல் கடைசியில் உட்கார்ந்திருக்கிறாளே, ஏதோ மனத்தாங்கல் போல என்று சொந்தக்காரர்கள் கோபித்திருக்கிறார்கள். கோபித்தால் கோபிக்கட்டும் என்று விட்டேன். மனத்தாங்கல் என்று நினைத்தால் அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. பயம் என்று தெரிந்தால் என்ன இருக்கிறது?

கொல்லத்திலிருந்து திரும்புகிற வழி பூராவும் காரில் பெரிய படகுப் பேச்சுதான். செங்கோட்டை தாண்டிப் பச்சை குறைந்து, ராஜபாளையம் தாண்டிப் புழுதி வந்தும் பேச்சு ஓயவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் சொன்னேன்.

"சின்னதே போதும்லே."

"ஏம்மா? பெருசுனா வசதியா இருக்கும்ல?"

"பெருசு பெட்ரோலக் குடிக்கும். கழுவ ஆள் வேணும். கட்டிப் போட எடம் வேணும். சின்னதுனா அங்கன தென்னை மரத்துல கட்டிப் போட்டா ஆட்டுக்குட்டி மாதிரி நிக்கும்."

என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே பேரனிடம், "ஏலே, ஒங்க ஆச்சி எந்தக் கப்பல்லலே வேலை பாத்தா?" என்று கேட்டார்.

"சின்னதுல ஆறு பேருதாம்மா போகலாம்" என்றான் மகன்.

"ஆறு பேரு போதாதா? நாம ஆறு பேருதானலே?"

சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டினேன். காரில் ஏறி இறங்கிய ஆறு பேர் அப்படியே என் தலைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். மகள் எனக்கு எதிரில் இருந்து தன் பிள்ளைக்கு அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை அப்படியே நின்றது. பிறகு பிள்ளையின் தட்டைத் தூக்கிக்கொண்டு, "வா, மாடியில போய்ச் சாப்புடலாம்" என்று கூட்டிப்போய்விட்டாள். பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிட்டது போல என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். என் மனசு பூராவும் அந்தக் கண்ணாடி அறையின் கதவில் மாட்டிக்கொண்டிருந்தது.

என் சொல் வீட்டில் எடுபடும். சின்னதையே வாங்குவது, நல்ல நாள் பார்த்து அட்வான்ஸ் கொடுப்பது என்று மகன் முடிவு செய்துவிட்டான். நினைத்தது நடந்தது, நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆபீஸ் மூடிக் கிடந்தது. ஆள் சத்தம் இல்லை, லோடு ஏற்றுகிற சத்தம் இல்லை. இந்தக் கதவு வழியாகப் போய் அந்தக் கதவு வழியாக வந்துகொண்டிருந்தேன். வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால் பாதியில் எழுந்து கொடியில் துணி காய்ந்துவிட்டதா என்று பார்ப்பேன். துணியைத் தொட்டுவிட்டு மறுபடி வெங்காயத்துக்கு வருவேன். மகள் காலையில் வேலைக்குப் போகும்போது சொல்லிக்கொண்டு போவாள், அது நின்றுவிட்டது. கேட்டதற்கெல்லாம் "ம்" என்றாள். அவளுடைய பிள்ளையும் கீழே விளையாட வரவில்லை.

நாலைந்து நாள் கழித்து மருமகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்கு ஒரு செய்தி கிடைத்தால் முந்தானையைத் திருகுவாள்.

"அத்தை, ஒங்க மக சாத்தூர்ல வீடு பாத்திருக்காக, தெரியுமா?"

"யாருக்கு?"

"யாருக்கா? அவுகளுக்குத்தான். வர்ற ஒண்ணாந்தேதி பால் காய்ச்சப் போறாகளாம். பிரஸ்ல ஒரு பொண்ணு சொன்னா. பஸ்ஸுல வந்து போறதுக்கு வசதிதானாம்."

"இங்கன இல்லாத எடமா? எத்தனை ரூம் சும்மா கெடக்கு."

"எடம் எங்க கெடக்கு? கதவுதான் கெடக்கு" என்றாள் மருமகள்.

மாடிப் படி வரைக்கும் போனேன். ஆனால் நான் மாடி ஏறவில்லை. போகிறவள் வந்து சொல்லிக்கொண்டு போகட்டும், நான் போய்க் கேட்பதா என்று இருந்தேன். அவள், கூப்பிட்டுக் கேட்கட்டும் என்று இருந்தாள். மாடிப் படிக்கு மேலே அவளும் கீழே நானுமாக நாள் போனது. ஏன் போகிறாள் என்று மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை.

அட்வான்ஸ் கொடுக்க இருந்த நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர், "கோடு போட்டுப் பாக்காம நாம எதையும் கட்டுனதில்ல. வாங்குறதையும் கோடு போட்டுப் பாத்துட்டே வாங்குவோம்" என்றார்.

அது அவருடைய பழக்கம். புதிதாக ஓர் அறை கட்டுவதென்றால், பிளான் போடுகிறவர் வருவதற்கு முன்னாலேயே தரையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுவார். வாசல் வருகிற இடங்களைக் கோடு இல்லாமல் விடுவார். அதற்குள் நாலு பெண்களைத் தட்டோடு உட்காரச் சொல்வார். சும்மா பேசிக்கொண்டிருப்பார். திடீரென்று கையைத் தட்டுவார். அவர்கள் எழுந்து வாசல் வழியாக வெளியே வர வேண்டும். ஒருத்தி மேல் ஒருத்தி இடித்தாலோ, கோட்டை மிதித்தாலோ, கோட்டை அழித்து ஒரு சாண் தள்ளிப் போடுவார். எங்கள் அறைகள் எல்லாம் அப்படிக் கட்டியவை.

ஆபீஸில் சரக்குக் காயப்போடுகிற சிமெண்டுத் தளம் காலியாகக் கிடந்தது. சுற்றி வேலிக்கருவை, அதற்கு அந்தப் பக்கம் கரிசல். மகன் செல்போனில் அளவு பார்த்துச் சொல்லச் சொல்ல, அவர் முதலில் சின்ன படகைப் போட்டார். கூர் மூக்கு, அகலமான முதுகு. பிள்ளைகளுக்குத் தாங்கவில்லை. சிரிப்புச் சத்தம் கேட்டு மகளின் பிள்ளையும் அவள் கையை இழுத்துக்கொண்டு ஓடி வந்தது. ஞாயிறானதால் மகளும் எங்களோடு ஆபீஸுக்கு வந்திருந்தாள், ஆனால் அதுவரைக்கும் கிணற்றடி வேப்பமரத்தைத் தாண்டி வராமல் நின்றிருந்தாள்.

வாட்ச்மேன் கேட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "முதலாளி, நங்கூரம் போட்டீகளா? காத்தடிக்கு" என்றார்.

"ஏறுங்க, ஏறுங்க. ஏலே, செருப்பக் கழத்திட்டு ஏறு" என்றார் என் வீட்டுக்காரர். மருந்து அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்பது அவருக்கு எங்கேயும் மாறாது.

மகன் ஒரு சல்லடையை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தான். மருமகள், பேரன், பேத்தி, அவர், நான். எல்லோரும் கால் நீட்டி உட்கார்ந்தோம். தாராளமாக இருந்தது. மகளும் அவள் பிள்ளையும் கோட்டுக்கு வெளியே நின்றார்கள். பிள்ளை கட்டை விரலைக் கோட்டின் மேல் வைத்துக்கொண்டு நின்றது.

"அத்தை, நீங்க தண்ணிக்குள்ள நிக்கீக!" என்று பேரன் கத்தினான்.

"எனக்கு நீச்சல் தெரியும்லே" என்றாள் மகள்.

அவள் பிள்ளை அவளை அண்ணாந்து பார்த்து, "எனக்குத் தெரியாதும்மா" என்றது.

அப்போதுதான் என் கண் ஒவ்வொருவராகப் பார்த்தது. உள்ளே ஆறு. வெளியே இரண்டு. அன்றைக்குச் சாப்பாட்டில் நான் சொன்னதும், நொறுங்கிய அப்பளத்தோடு நின்ற கையும், சாத்தூர் வீடும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்து நின்றன.

என் வீட்டுக்காரர் எழுந்தார். சுண்ணாம்புச் சட்டியை எடுத்து, சின்ன படகைச் சுற்றி வெளியே பெரியதைப் போட ஆரம்பித்தார். மகளும் பிள்ளையும் நின்ற இடத்தையும் வளைத்துக்கொண்டு கோடு போனது. நடுவில் அந்தக் கண்ணாடி அறையையும் போட்டார், பின்பக்கம் மட்டும் வாசலுக்கு இடம் விட்டார்.

"இப்ப எல்லாரும் உள்ள போய் உக்காருங்க."

பிள்ளைகள் மூன்றும் பாய்ந்து ஓடின. மருமகள் போனாள். மகன், "வா, நீயும் வா" என்று தங்கையைக் கூப்பிட்டான். அவள் தயங்கித் தயங்கி வாசல் இடத்தில் காலை வைத்தாள். "ம்மா, முன்சீட்டு ஒனக்கு" என்றான் என்னைப் பார்த்து. நான் எழுந்தேன். வெறும் சுண்ணாம்புக் கோடுதான், காற்று அடித்தால் போய்விடும். ஆனாலும் கால் உள்ளே போகவில்லை. இரண்டு எட்டுப் பின்னால் வைத்தேன், படகை விட்டு வெளியே போய்விட்டேன்.

மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஏறுனதும் நீ எறங்கிட்டியா?" என்றாள். "நல்லாருக்கும்மா. ஆறு பேரு போதும்னு நீ சொன்னப்ப நானும் அங்கனதான் இருந்தேன்."

"ஏ, என்ன பேசுத நீ" என்றான் மகன்.

"நீ சும்மா இரு அண்ணே. நீங்க சின்னதே வாங்குங்க. ஒண்ணாந்தேதி நாங்க சாத்தூர் போறோம். யாருக்கும் எடைஞ்சல் இல்ல."

அப்போது என் வீட்டுக்காரர் நடந்து போய், அறைக்கோட்டின் பக்கவாட்டில் காலால் தேய்த்து ஒரு முழம் அழித்தார். என்னைப் பார்த்து, "இந்தா, ரெண்டாவது கதவு வச்சாச்சு. இப்ப ஏறு" என்றார்.

இத்தனை வருஷமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது! மண்டபத்தில் வாசல் ஓரம் எனக்கு இடம் பிடித்து வைத்ததெல்லாம் தெரிந்துதான். ஒரு நாளாவது காட்டிக்கொண்டாரா? எனக்கு மகள் மேல் வராத கோபம் அவர் மேல் வந்தது.

"இங்கன அழிச்சிட்டீக. அங்கன கண்ணாடிய அழிப்பீகளா?" என்று கத்தினேன். அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. "ஒத்தைக் கதவு ரூமுக்குள்ள நான் உக்கார மாட்டேன். அது படகா இருந்தாலும் சரி, பல்லக்கா இருந்தாலும் சரி. எனக்குப் பயமா இருக்கு. போதுமா? அதுக்குத்தான் சின்னது வாங்கச் சொன்னேன்." மகள் பக்கம் திரும்பினேன். "ஒன்ன வேண்டாம்னு சொல்லலத்தா. நான் கதவ எண்ணிக்கிட்டு இருந்தேன். ஆள எண்ணல."

மகன் கையில் சல்லடை அப்படியே இருந்தது.

"அதான் அன்னிக்கு ஏசி புழுங்குச்சா அத்தை?" என்றாள் மருமகள், மெதுவாக.

பேரனும் பேத்தியும் சிரித்தார்கள், அவர் சிரித்தார், மகனும் சிரித்துவிட்டான். மகள் சிரிக்கவில்லை. சாத்தூர் போகவில்லை என்றும் சொல்லவில்லை. பிள்ளையின் காலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மகன் பெரியதை வாங்கினான். நான் வெளியே பின்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொள்வதாகப் பேச்சு. முதல் தடவை போகும்போது மகள் வருவாளோ மாட்டாளோ என்று எனக்கு ஒரே தவிப்பு. காலையில் பையைக் கட்டுகிறேன், பிரிக்கிறேன், சீப்பை எடுத்து வெளியே வைக்கிறேன், மறுபடி உள்ளே வைக்கிறேன். பிள்ளை அழுது அடம்பிடித்ததால் அவள் வந்தாள். வழியில் என்னோடு பேசவில்லை. ஒண்ணாந்தேதிக்கு அதிக நாள் இல்லை.

படகில் எங்களோடு விற்றவருடைய டிரைவரும் வந்தார், மகனுக்குப் பழக்கிக் கொடுக்க. மகன் முன்னால் ஓட்டினான். நான் சொன்னபடியே பின்னால் திறந்த இடத்தில், இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மற்ற எல்லோரும் அறைக்குள். மகள் கண்ணாடி ஓரம் இருந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை தண்ணீரை நான் கிட்டத்தில் பார்த்ததில்லை. எங்கே பார்த்தாலும் தண்ணீர், தூரத்தில் தென்னை, ஒரு கோயில் கோபுரத்து ஓட்டுக்கூரை. "மெதுவாப் போலே, மெதுவாப் போலே" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் மெதுவாகத்தான் போனான்.

நடுக்காயலுக்கு வந்திருப்போம். கரையிலிருந்து ஒரு வெடிச் சத்தம். டமார் என்று, தண்ணீர் மேல் உருண்டு வந்தது.

எங்கள் ஊரில் சீசன் இல்லாத நேரத்தில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டோம். சோறு தின்றுகொண்டிருந்தாலும் எழுந்து வெளியே வந்து, எந்தத் திசையில் புகை கிளம்புகிறது, அந்தப் பக்கம் யார் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று பார்ப்போம். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, குழந்தைக்குக் கூட வந்துவிடும். நான் எழுந்து நின்றுவிட்டேன். அறைக்குள் இருந்தவர்களும் அந்த ஒற்றைக் கதவில் இடித்துப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். மகன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு வந்துவிட்டான். எல்லோரும் கரை தெரிகிற ஒரே பக்கத்தில் போய் நின்று புகையைத் தேடினோம்.

படகு அந்தப் பக்கம் சாய்ந்தது. தண்ணீர் விளிம்பு வரைக்கும் ஏறி வந்து உள்ளே தெறித்தது. "இரிக்கி! இரிக்கி! எல்லாரும் இரிக்கி!" என்று டிரைவர் அலறிக்கொண்டு ஸ்டியரிங்குக்கு ஓடினார். நான் எதையும் பிடித்திருக்கவில்லை. கால் வழுக்கியது.

பின்னாலிருந்து ஒரு கை என் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்து இழுத்தது. பொத்தென்று இருக்கையில் விழுந்தேன். மகள். கதவில் முதல் ஆளாக வெளியே வந்தது அவள்தான். மற்றவர்கள் எல்லோரும் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் கரையைப் பார்க்கவில்லை.

"உக்காரும்மா! உக்காருங்கேன்ல! பயராபீஸா இது, எந்திரிச்சு ஓடுறதுக்கு? எங்க ஓடுவ?"

என்னை அந்த மாதிரி யாரும் அதட்டியது கிடையாது.

டிரைவர் எல்லோரையும் இரண்டு பக்கமும் பிரித்து உட்கார வைத்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. "அது அம்பலத்தில், கோயில்ல, வெடி வழிபாடு. சாமிக்கு வேண்டுதல். தினம் உண்டு. நீங்க என்ன ஜோலி செய்றவங்க? இப்படிப் பயந்து பேடிக்கிறீங்க?"

என் வீட்டுக்காரர்தான் வேட்டியைப் பிழிந்துகொண்டே, "நாங்க ஜவுளி யாவாரம்" என்றார்.

மருமகள் சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்தவே முடியவில்லை. கரையில் இன்னொரு வெடி போட்டார்கள். அது வெடி வழிபாடு என்று தெரிந்தும் என் கால் எழும்பியது. கொசுவத்தைப் பிடித்திருந்த கை கீழே அமுக்கியது. மூன்றாவது வெடிக்கும் அதே கதைதான்.

"விடுத்தா, கொசுவம் அவுருது" என்றேன்.

"அவுரட்டும். ஒன்ன நம்ப முடியாது." அவள் விடவில்லை. என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். சாரல் அடித்து இரண்டு பேர் முகமும் நனைந்தது.

கொஞ்ச தூரம் போனோம். கேட்பது எனக்கு வராது என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்குக் கேட்டேன். "ஒண்ணாந்தேதி பால் காய்ச்சுறதுக்கு நானும் வரட்டுமா?"

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அது ஒத்தைக் கதவு வீடும்மா. நீ உள்ள வர மாட்ட."

"வாசல்ல உக்காந்துக்கிடுதேன்."

"எம்புட்டு நேரம் உக்காருவ?"

"நீ இருக்கிற வரைக்கும்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இடுப்பிலிருந்து செல்போனை எடுத்து, தூக்கிப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்டிப் பார்த்தாள்.

"இங்கன டவர் இல்ல" என்றாள். "கரைக்குப் போய்த்தான் சாத்தூர் வீட்டுக்காரருக்குப் பேசணும். வீட்ட வேற ஆளுக்குக் குடுத்துருங்கனு."

கரை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். தென்னை மரமெல்லாம் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. என்னால் உட்கார முடியவில்லை, எழுந்திருக்கவும் அவள் விடவில்லை.

"ஏலே" என்று அறைக்குள் எட்டிக் கத்தினேன். "கரைக்குத் திருப்பு. வெரசா ஓட்டு."

"இம்புட்டு நேரமும் மெதுவாப் போ, மெதுவாப் போனு உசிர எடுத்தியேம்மா?"

"இப்ப வெரசாப் போங்கேன். ஓட்டுலே."